அக்கா பேச்சை எடுப்பேன்

அக்கா வருஷம் முழுக்கக் கவர் சேர்ப்பாள். ஜவுளிக்கடைக் கவர், மருந்துக்கடைக் கவர், மளிகைக் கவர், எல்லாவற்றையும் மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைப்பாள். மே மாதம் பஸ் ஏறும்போது அத்தனையும் வெளியே வரும். அவள் பையன் மன்னார்குடிக்கு முன்னாலேயே வாந்தி எடுப்பான். சின்னவள் மன்னார்குடி தாண்டி எடுப்பாள். வாய்க்கு நேராகக் கவரைப் பிடித்துக்கொண்டு அக்கா சிரிப்பாள். "வந்தா எடுத்துடணும்டா, அடக்கி வச்சா வயிறுதான் வலிக்கும்" என்பாள். பக்கத்து சீட்டில் யாராவது மூக்கைப் பொத்தினால், "உங்க வீட்டுப் புள்ளைங்க எடுத்ததே இல்லையாண்ணே, அந்த ஜன்னலக் கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று கேட்டுவிடுவாள். கூட வரும் எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

அக்காவும் அத்தானும் கும்பகோணம் பக்கம் குத்தாலத்தில் ஒரே ரைஸ் மில்லில் வேலை பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். நாங்கள் வயல்வேலைக்காரர்கள். அத்தான் வீடு திருத்துறைப்பூண்டி தாண்டிக் கடலோரத்தில், மீன்பிடி வீடு. இரண்டு பக்கமும் முதலில் பேசவில்லை. பையன் பிறந்த பிறகுதான் அங்கிருந்து ஆள் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மே மாதத்தைக்கூட அக்கா விட்டதில்லை. அப்போதுதான் விசைப்படகுக்குத் தடைக்காலம், ஆம்பிளைகள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், சொந்தத்தை மொத்தமாகப் பார்க்கலாம் என்பாள். சண்டை போட்டுச் சேர்ந்த சொந்தம் என்பதால் அவளுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

போன ஐப்பசி மழையில் அக்கா செத்துப்போனாள். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று எல்லாரும் சொன்னோம். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தபோது நேரம் தாண்டிவிட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. பிள்ளைகள் இப்போது கும்பகோணத்தில் என்னோடும் எங்கள் அம்மாவோடும் இருக்கிறார்கள். அத்தான் மில்லிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் ஒன்பதாவதோடு நின்றவள். பாத்திரக்கடையில் துடைத்து அடுக்குகிற வேலை.

இந்த வருஷம் லீவு விட்டதும் அத்தானின் அண்ணி போன் செய்தார். பிள்ளைகளுக்கு அவர் பெரியம்மா. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அத்தானுக்குப் பெண் பார்த்தாயிற்று, தலைத்திவசம் முடிந்ததும் தையில் கல்யாணம் என்றார். நல்லது என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அத்தானுக்கு வயசு இருக்கிறது, அவர் மில்லிலேயே படுத்துத் தூங்குவதைப் பார்க்க எனக்கும் நன்றாக இல்லை. அதற்குப் பிறகு பெரியம்மா சொன்னதுதான் சுட்டது. "புள்ளைங்க முன்னாடி இனிமே அவ பேச்சை எடுக்காத பாப்பா. சின்னது நாலு வயசுதானே, தானா மறந்துடும். பையனையும் கொஞ்சம் பழக்கு. புதுசா வர்றவ வந்து நிக்கிறப்ப இதுங்க அம்மா அம்மான்னு அழுதா நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் பையனைக் கவனித்தேன். அவனை யாரோ முன்பே பழக்கிவிட்டார்கள். தங்கச்சி "அம்மா" என்று ஆரம்பித்தால் அவள் தொடையில் கிள்ளுகிறான். ஏழு வயசு. வலிக்கிற மாதிரி கிள்ளிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறான். ஏன்டா என்று கேட்டால், "அப்பா அழும்" என்கிறான்.

இந்த மே மாதமும் பிள்ளைகளைக் கடலோரத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் எங்கள் அம்மா வேண்டாம் என்றாள். "துக்க வீட்டுக்காரங்க, இந்த வருஷம் எங்கயும் போவாம இருந்தா என்ன?" என்றாள். கடையில் லீவு தர மாட்டேன் என்றார்கள். சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா கூட்டிப்போன இடத்துக்குத்தான் போகிறேன், யார் என்ன சொல்வது? ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள், நடுநடுவே பருத்தி பூத்திருந்தது. பையன் மன்னார்குடிக்கு முன்னால் எடுத்தான். இந்த இடத்தில்தான் எப்பவும் எடுப்பாய் என்று உங்கம்மா சொல்வாள் என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டான்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். வாசலிலேயே சின்னவளை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், இறக்கவே இல்லை. மத்தியானம் நண்டுக் குழம்பு. பெரியப்பா பழுது பார்த்த வலையை ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சோறு போட்டதும் சின்னவள், "அம்மாவுக்கு நண்டு புடிக்காது" என்றாள். பையன் கை தொடைக்குப் போயிற்று. அவள் வீறிட்டாள். பெரியம்மா அவசரமாக, "ஒண்ணுமில்ல கண்ணு, நீ சாப்புடு, பெரியம்மா உடைச்சுத் தரேன்" என்றார்.

நான் பையன் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "புடிக்காதுன்னு யாருடி சொன்னா? உங்கம்மாவுக்கு நண்டை உடைக்கத் தெரியாது" என்றேன்.

பெரியம்மா என்னை முறைத்தார். நான் நிறுத்தவில்லை. பையன் கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா முதல் முதலாக இந்த வீட்டுக்கு வந்தாள். மாமியார் இலையில் முழு நண்டை வைத்தார். எங்கள் பக்கம் வயல் நண்டு தெரியும், இவ்வளவு பெரிசை யார் பார்த்தது? எப்படித் தின்பது என்று கேட்கக் கௌரவம். யாரும் பார்க்காதபோது எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டாள்.

இந்த இடத்தில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத நம்ம நாயில்ல கவ்விட்டு வந்துச்சு. நேரா எங்கம்மா காலடியில கொண்டாந்து வச்சுட்டு வாலாட்டுது. எங்கம்மா நண்டப் பாக்குது, நாயப் பாக்குது, மருமவளப் பாக்குது. 'ஏன்டி, நாய்க்குத் தெரிஞ்ச ருசி உனக்குத் தெரியலயா'ன்னுச்சு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமியார் அதற்குப் பிறகு சாகும்வரை அக்காவுக்குத் தன் கையாலேயே உடைத்துக் கொடுத்தார் என்பதையும் அவரே சொன்னார். பையன் சிரிக்கவில்லை. ஆனால் சாப்பிடாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாத்திரம் கழுவும் இடத்தில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ற?"

"வர்றவங்க நல்லா இருக்கட்டும் பெரியம்மா. அவங்களையும் அம்மான்னே கூப்புடட்டும், நானே சொல்லித் தரேன். ஆனா இதுங்களப் பெத்தவ செத்துதான் போனா. பொறக்காமயே போயிடலல்ல?"

"உனக்கென்ன, பேசிட்டு பஸ் ஏறிடுவ. நாளைக்கு வர்றவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா வாங்கிக் கட்டிக்கப் போறது இதுங்கதான். எனக்குத் தெரியாததா? எங்கம்மா போனப்ப எனக்கு இவ வயசு. பேரச் சொன்னா அன்னிக்குச் சோறு கிடையாது. சொல்லாம இருந்தேன், மறந்துட்டேன். இன்னிக்கு எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குத் தெரியாது. நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லாவா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

பெரியவர்களிடம் அப்படிப் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. பெரியம்மா கையிலிருந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

சாயந்திரம் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போனேன். பெரியம்மா கூப்பிடாமலே பின்னால் வந்து, கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அந்தக் கடலில் அலை பெரிசாக இருக்காது, ரொம்ப தூரம் இடுப்பளவுதான். பையன் என் பக்கத்தில் வந்து நின்றான். "சித்தி, அந்த நாய்க் கதைய இன்னொரு தடவ சொல்லு" என்றான். ஐப்பசிக்குப் பிறகு அவன் அம்மாவைப் பற்றி வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். சொன்னேன். திரும்பவும் கேட்டான். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை நாய் வாலாட்டும் இடத்தில் சிரித்தான்.

அண்ணன் சிரிப்பதைப் பார்த்ததும் சின்னவளுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. தண்ணீரைக் காட்டி, "அம்மா என்னய இங்க தூக்கிட்டுப் போச்சு. தோள்ல. அலை வந்துச்சு. அம்மா கத்துச்சு" என்றாள். தொடையை இழுத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள், கிள்ளுவானோ என்று.

அது அக்கா இல்லை. போன மே மாதம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. சின்னவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியது நான். கத்தியதும் நான்தான். பையனுக்கு அது தெரியும். "ஏய், அது சித்தி" என்று ஆரம்பித்தான்.

"டேய், சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?" என்றார் பெரியம்மா. எழுந்து வந்து சின்னவள் பக்கத்தில் குந்தினார். "உங்கம்மாதான்டி. நான் இங்கதான உக்காந்து பாத்துட்டிருந்தேன். பச்சைப் புடவை கட்டியிருந்துச்சு. உன்னயத் தோள்ல வச்சிக்கிட்டு அந்தா, அதுவரைக்கும் போச்சு."

பச்சைப் புடவை நிஜம். அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்த அக்கா கட்டியிருந்தது. பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். மத்தியானம் முழுக்க நிஜத்துக்காகச் சண்டை போட்டவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், செய்வேன். அந்தப் பிள்ளையிடம் அம்மா என்று மிச்சமிருப்பதே அந்த ஒரு தோள்தான். அதை என்னுடையது என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வராது. யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

"அம்மா என்ன கத்துச்சு?" என்று சின்னவள் கேட்டாள். பெரியம்மாவுக்கு அது தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"'கழுத்த இறுக்கிக் கட்டிக்கடி, விட்டுடாத'ன்னு கத்துச்சு" என்றேன்.