சூரியனுக்கு ஒரு பிரஷர் கேஜ்

பம்பு செய்கிறவனுக்குத் தண்ணீர் மேலே ஏறினால் போதும். ஏன் ஏறுகிறது என்று கேட்கிறவன் அந்தத் தொழிலுக்கு ஆகமாட்டான். நான் கேட்டேன். எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு பம்பு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவன், நட்சத்திரங்களில் வாயு எப்படி ஓடுகிறது என்று படிக்க ஒரு வருட விடுப்பில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாகப் போய்ச் சேர்ந்தேன். வருடக் கடைசியில் கருத்தரங்கில் பேசித் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடி பம்புதான். முப்பது வயதுக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்த புண்ணியவான்களுக்கு என் பாடு புரியும்.

கழித்தல் கணக்கு

முதல் வாரமே பேராசிரியர், விண்வெளியில் இருக்கும் ஒரு வாயு மேகத்தின் அழுத்தத்தைக் கணக்கிடச் சொன்னார். கம்பெனியில் அழுத்தம் என்றால் கேஜில் முள் காட்டுவதுதான். அந்த முள், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். பழக்க தோஷத்தில் நானும் கழித்தேன். விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. மூன்று முறை சரிபார்த்துப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“அங்க எந்த ஊர்க் காத்தைக் கழிச்சீங்க?”

ஒன்றரை மடங்கு

என்னோடு சேர்ந்தவர் ஜெசிந்தா. மிஷன் பள்ளி ஆசிரியரின் மகள், என்னைவிட எட்டு வயது இளையவர், கணக்கில் புலி. நட்சத்திரத்தின் நடுவே எவ்வளவு அழுத்தம் என்று இருவரும் தனித்தனியாகப் போட்டால், என் விடை மட்டும் எப்போதும் ஒன்றரை மடங்கு வரும். ஒரு வாரம் சண்டை. கடைசியில் என் நோட்டை வரி வரியாகப் படித்தவர், முடிவில் நான் ஒன்றரையால் பெருக்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்.

“பாதுகாப்புக்கு” என்றேன். பம்பு உடையாமல் இருக்க எதையும் கொஞ்சம் கூட்டிப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

“அண்ணே, நட்சத்திரம் வெடிச்சா நம்மளையா வந்து கேப்பாக?”

குழாயடி ஆராய்ச்சி

பாய்ந்து வரும் வாயு சட்டென்று வேகம் குறைந்து நெருக்கமாகும் இடத்தை அதிர்ச்சி அலை என்பார்கள். அது எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் காலை, வீட்டுக் குழாயடியில் கவிழ்த்து வைத்த தட்டின் மேல் தண்ணீர் விழுவதைப் பார்த்தேன். நடுவில் மெல்லிசாக விரைந்து ஓடி, ஒரு வட்டத்தில் சட்டென்று தடித்தது. ஏறக்குறைய அதே கதைதான்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாயைத் திறப்பதும் குறைப்பதுமாக வட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். பின்னால் என் மனைவி காலிக் குடத்தோடு நின்றதைக் கவனிக்கவில்லை.

“தண்ணி வாரதே ஒரு நாள் விட்டு ஒரு நாளு. மிச்ச வட்டத்த நாளகழிச்சுப் பாத்துக்கங்க.”

கருத்தரங்கு

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், சமன்பாடுகளை ஒதுக்கச் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: சூரியனிலிருந்து மெதுவாகக் கிளம்பும் வாயு, பிறகு ஒலியின் வேகத்தை எப்படி முந்துகிறது?

கரும்பலகையில் நீராவி டர்பைனின் நாசிலை வரைந்தேன். குறுகிப் பிறகு விரியும் குழல் அது. குறுகலைத் தாண்டியதும் நீராவி ஒலியை முந்திவிடும். சூரியனில் இரும்புக் குழல் கிடையாது, அதன் ஈர்ப்பு விசைதான் அந்தக் குறுகலின் வேலையைச் செய்கிறது என்றேன். தேர்வாளர் என் படத்தைத் தம் நோட்டில் வரைந்துகொண்டார். வெளியே நான் காத்து நின்றபோது பேராசிரியர் வந்தார்.

“இனிமே வரலைன்னு கம்பெனிக்கு லெட்டர் போட்டுருங்க.”

ஆக, இன்ஜினியராகக் கற்றதில் முக்கால்வாசியை மறந்து, மறக்க முடியாத கால்வாசியை வைத்துத்தான் நான் விஞ்ஞானி ஆனேன்.