நான்கு தலைமுறை, நான்கு பின்பெயர்

என் கணவரின் பெயர்தான் என் மகளின் பின்பெயர். அவருடைய அப்பாவின் பெயர் அவருடைய பின்பெயர். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மன்னாரில் எங்கள் கோயில் பங்கில் யாரிடமாவது இதைக் கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்ப்பார்கள். தகப்பன் பெயரைச் சொன்னால் பிள்ளை இன்னார் என்று தெரிந்துவிடும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் இருக்கிறது. புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெர்மனிக்கு இதெல்லாம் போதவில்லை. எண்பதுகளில் என் கணவர் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியொன்று எங்களிடம் கிடையாது. அவர் தன் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டார். அதோடு என் மாமனார், மன்னார்க் கடலைத் தாண்டி எங்கும் போகாத மனுசன், ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தவராகிவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வந்தபோது என்னையும் அந்தப் பெயருக்குள் போட்டார்கள். இங்கே பிறந்த மகனும் அதே பெயரில் பதிவானான். மூத்தவள் மட்டும் தன் அப்பாவின் பெயரோடு மன்னாரில் நின்றாள்.

அவளை என் அக்காவிடம் விட்டு வந்திருந்தேன். என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த கடவுச்சீட்டில் பிள்ளைக்கு இடமில்லை. "நீங்கள் முதல்ல போங்கோ அக்கா, பிள்ளையைப் பின்னால எடுக்கலாம்" என்றான். என் கணவருக்கு வதிவிட உரிமை கிடைத்து, பின்னால் எடுக்கலாம் என்று ஆனபோது அவளுக்குப் பதினைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பதினாறு முடிந்தால் பிள்ளை என்று இங்கே கூப்பிட்டு எடுக்க முடியாது, அது இங்கத்தைய சட்டம். என் வாழ்க்கையில் அந்த நேரத்தில் வேறு எந்தச் சிந்தனையும் கிடையாது. அவளுக்குப் பதினாறு ஆவதற்குள் அவள் வர வேண்டும்.

நாங்கள் இருந்தது ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரம். சந்திக்க நாளும் நேரமும் குறித்துத் தெர்மீன் எடுத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி இளம் மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இந்தப் பெண் யார்?"

"எங்கள் மகள்."

"உங்கள் பெயர் இவளுக்கு இல்லையே."

விளங்கப்படுத்தினோம். எங்கள் ஜெர்மன் அப்போது கடைக்குப் போய் உருளைக்கிழங்கு வாங்கத்தான் காணும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றார். அது சண்டையில் போய்விட்டது. அப்படியானால் உங்கள் குடும்பத்தில் பெயர் இப்படித்தான் இறங்கி வருகிறது என்பதைத் தேவாலயப் பதிவிலிருந்து காட்டுங்கள், ஒரு தலைமுறை போதாது, முடிந்தவரை பின்னால் போங்கள் என்றார்.

நான் வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்கும் வேலை பார்த்தேன். அந்த வீடுகளில் ஒன்று, மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற ஒரு கிழவருடையது. மனைவி இல்லாதவர். அவருடைய சாப்பாட்டறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளத் தாள் தொங்கும். தன் குடும்பப் பெயரைத் தேவாலயப் புத்தகங்களில் தேடித் தேடி, முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கே நடந்த முப்பதாண்டுப் போர் முடிந்த காலம்வரை போய்ச் சேர்ந்திருந்தார். அதற்கு மேலே வெறும் தாள். சிப்பாய்கள் அந்தக் கிராமத்துக் கோயிலை எரித்ததில் புத்தகமும் போய்விட்டது என்பார், போன கிழமை நடந்ததுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு. வேலைவெட்டி இல்லாத மனுசன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அலுவலகத்துக்குப் போன மறுநாள் நான் அவருடைய ஜன்னலைத் துடைத்த விதத்தைப் பார்த்து, கண்ணாடியோடு எனக்கு என்ன சண்டை என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை வாளிக்குள் எறிந்தேன். பிறகுதான் ஏன் சிரித்தார் என்று விளங்கியது. அவருடைய அம்மாவின் ஆட்கள் வடக்கே கடற்கரையைச் சேர்ந்தவர்களாம். அங்கேயும் தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயராம், இருநூறு வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரன் நாட்டைப் பிடித்து அதை நிறுத்தும்வரை. இந்தப் பக்கத்திலோ, ஒரு பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன் தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வானாம். "என் சொந்தப் பெயரே ஒரு பண்ணையின் பெயர். என் மூதாதை ஒருவர் அதைக் கல்யாணம் கட்டித்தான் வாங்கினார்" என்றார். இதை எழுதி அதிகாரிக்குக் கொடுப்பதாகவும், எங்கள் கோயிலிலிருந்து பதிவுகளை வரவழைக்கும்படியும் சொன்னார். ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும், பிழை இருந்தாலும் பிழையோடு.

அன்றைக்கே இன்னொன்றும் காட்டினார். மேசை லாச்சியை இழுத்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். இந்தத் தேடலைத் தொடங்கியது தான் இல்லை, தன் அப்பா என்றார். அவருடைய அப்பா காலத்தில் உத்தியோகம் பார்ப்பவன் தன் முன்னோரில் யூதர் இல்லை என்று தேவாலயப் பதிவைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதி அப்பா நிரூபித்தார். அந்தத் தெருவிலேயே நிரூபிக்க முடியாத ஒரு குடும்பம் இருந்தது. அவர்களை ஒரு நாள் காலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு வரவில்லை. "நான் தேடுவதும் அதே புத்தகங்களில்தான்" என்று சொல்லி லாச்சியை மூடினார். நான் குளியலறையைக் கழுவப் போய்விட்டேன்.

கணவரின் தமையன் மன்னாரில்தான் இருந்தார். எழுதினோம். கோயில் கூரை ஷெல் விழுந்து போயிருந்தது, பங்குச் சுவாமியார் புத்தகங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டுத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அவரே இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக் கொடுத்தாராம். கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து, அங்கிருந்து இன்னொருவர் கையில் மாறி, அந்தத் தாள்கள் எங்களிடம் வந்து சேரக் குளிர்காலம் தொடங்கிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் தாள்களைப் பரப்பினார். பழைய பதிவுகள் லத்தீனில் இருந்தன. மருந்துக்காரருக்கு லத்தீன் தெரியும். என் மகள், அவளுடைய ஞானத்தாயாக என் அக்கா. என் கணவர். மாமனார். மாமனாரின் அப்பா. நாலு பேருக்கும் நாலு பின்பெயர், எல்லாமே புனிதர்களின் பெயர்கள். மாமனாரின் அப்பாவின் பதிவில் அவர் விரலை வைத்து நின்றார். பிறந்த அன்றே, பிழைக்காது என்று கண்டு, மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள் என்று வாசித்தார். இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை பிழைத்திருக்காவிட்டால் நான் இந்த மேசையில் இருந்திருக்க மாட்டேன், என் பிள்ளையும் அங்கே காத்திருக்க மாட்டாள். எனக்கு அழுகை வந்தது. மனுசன் எழுந்து போய்க் கோப்பி போட்டார்.

பிறகு ஒரு புதுத் தாளில் நாலு பேரையும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக எழுதி, ஒவ்வொருவரின் பெயரிலிருந்தும் கீழே உள்ளவரின் பின்பெயருக்குச் சிவப்பு மையில் கோடு இழுத்தார். படி மாதிரி இறங்கி என் மகளிடம் வந்து நின்றது. குருடனுக்கும் விளங்கும். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு நான் அவளுக்கு ஒரு தடித்த கோட்டு வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டேன்.

அடுத்த தெர்மீனுக்கு மருந்துக்கடைக்காரரும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். அதிகாரி அவருடைய தாளைப் பார்த்தார், கடிதத்தை வாசித்தார், தலையை ஆட்டினார். முடிந்தது என்றே நினைத்தேன். அப்போது என் கணவர் தன் கோப்பைத் திறந்து, "இன்னும் இருக்கிறது" என்று ஜெர்மனில் பெருமையாகச் சொல்லி வேறு நாலு தாளை எடுத்து வைத்தார்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிறகுதான் அறிந்தேன். அவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் எங்கட ஆட்கள் சிலர், ஜெர்மன்காரனுக்கு எல்லாருக்கும் ஒரே பின்பெயர் இருந்தால்தான் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் தமையனுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். சுவாமியார் அதற்குச் சம்மதிக்க மாட்டார் என்று தமையனுக்குத் தெரியும். வேறொரு இடத்தில் ஒரு கோயில் உபதேசியாரைப் பிடித்து, முத்திரையோடு எழுதி வாங்கியிருக்கிறார்.

அதில் நாலு தலைமுறைக்கும் ஒரே பின்பெயர், எங்களுடைய ஜெர்மன் பெயர், அதாவது என் மாமனாரின் பெயர். மாமனாரின் அப்பாவுக்கும் அதே பின்பெயர்தான். மகன் பிறப்பதற்கு முன்பே அந்த மனுசன் தன் மகனின் பெயரைப் பின்பெயராக வைத்துக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்திருந்தார். இன்னொரு இடத்தில் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அதிகாரி இரண்டு தாள்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே ஆட்கள், அதே திகதிகள், வேறு பெயர்கள். எது உண்மை என்று கேட்டார். இது, இது என்று நான் முதல் தாள்கட்டின்மேல் அடித்துக் காட்டினேன். "அப்படியானால் மற்றது பொய். பொய்ப் பத்திரம் செய்ய உங்களால் முடியும் என்றால் முதலாவதை மட்டும் நான் எப்படி நம்புவது?" என்றார். நான் சட்டைக் கையை மடக்கி, இரத்தத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். அது தன் வேலை இல்லை என்றார். அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் தெரு என்றும் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு இருந்தா இன்னும் நல்லதெண்டு நினைச்சன். ஒண்டு பிடிக்காட்டி மற்றது பிடிக்குமெண்டு."

"உங்களை ஆர் நினைக்கச் சொன்னது?"

மருந்துக்கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. என்றாலும் எல்லாம் விளங்கியிருந்தது. தன் தாளைச் சுருட்டிக்கொண்டார். "என் குடும்ப மரத்தில் இப்படி ஒன்று கண்டுபிடித்தால் அந்தக் கிளையையே நான் வெட்டிவிடுவேன்" என்றார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவருடைய வேலையில் அதுதான் முறை. அதன்பிறகும் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பற்றியும் தரையைப் பற்றியும் மட்டும் பேசினோம்.

விண்ணப்பத்தை மறுத்துக் கடிதம் வந்தது. வக்கீலைப் பிடித்து ஆட்சேபித்தோம். அதற்கு மறுமொழி வருவதற்குள் என் மகளுக்குப் பதினாறு முடிந்தது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. என் கணவர் போனார். தொழிற்சாலையிலிருந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் போய்த் தேற்றவில்லை. எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த கோடையில் அக்கா கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மூத்த மகன் கனடாவில் இருக்கிறான், தாய் தகப்பனையும் கூட இருக்கும் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தான்.

"இவளை நான் இஞ்ச தனிய விட்டிட்டுப் போக ஏலாது" என்றாள் அக்கா. "எங்கட பிள்ளையெண்டு உன்ர அத்தான்ர பேரைப் போட்டுப் பதிஞ்சாச்சு. எம்பசியில ஒரு கேள்வியும் கேக்கேல்லை. நீ என்ன சொல்லுறாய்?"

உண்மையைக் காட்டி நாங்கள் எடுக்க முடியாத பிள்ளையை ஒரே ஒரு பொய்த்தாள் கனடாவுக்குக் கொண்டுபோகிறது. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கனடாவில் ஷெல் விழாது, ஆமிக்காரன் வாசலுக்கு வரமாட்டான், இயக்கத்துக்குப் பிள்ளை பிடிக்கவும் ஒருவரும் வரமாட்டார்கள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஓம் என்றேன். பிள்ளையிடம் கொடு என்றேன்.

"சின்னம்மா, சாப்பிட்டீங்களோ?" என்றாள் என் மகள்.

அவளுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "குறை நினையாதை, அவள் பழகத்தானே வேணும். அங்க போய் வாய் தவறினா எல்லாரையும் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"சின்னம்மா?" என்றாள் திரும்பவும்.

"சாப்பிட்டன் பிள்ளை" என்றேன். "அம்மா சொல்லுறதைக் கேட்டு நட."

அக்காவைத்தான் சொன்னேன்.