இரண்டாவது வாளி ஐஸ்

காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் எங்கள் நைனாவுக்கு வேலை. ஆளுயர ஐஸ் பாரை அரவை மெஷினில் தள்ளித் தூளாக்கி மீன் பெட்டிகளுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தூளில் ஒரு வாளி மட்டும் தினமும் சாயங்காலம் மீனுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வரும். ஷட்டில் ஆடிவிட்டு வரும் அக்காவின் முட்டிக்கு அது. மேலே கோணியைப் போட்டு மூடி, ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவருவது என் வேலை. எனக்கு அப்போது பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது.

அக்கா ஷட்டிலுக்குப் போனதற்கும் ஐஸ்தான் காரணம். துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பழைய கிளப்புக்கு விருந்து நாட்களில் நைனா ஐஸ் கொண்டுபோவார். எட்டு வயதில் ஒருநாள் அவரோடு போனவள், மரத்தரை போட்ட கூடத்தில் நாலு பேர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். அங்கிருந்த மாஸ்டர் முதலில் பந்து பொறுக்க விட்டார், பிறகு மட்டையைக் கொடுத்தார். ஜூனியரில் இரண்டு முறை மாநிலச் சாம்பியன் ஆனாள். குவாஹாத்தி வரைக்கும் ரயிலில் போய் ஆடினாள். ஒரே ஒரு முறை கொழும்புக்குப் போய், முதல் சுற்றிலேயே தோற்று, எனக்கு ஒரு டப்பா பிஸ்கட்டுடன் திரும்பி வந்தாள். பெரியவர்கள் பிரிவில் மாநிலத் தரவரிசையில் அவள் இரண்டாம் இடம். ஒற்றையர் மட்டும்தான் ஆடுவாள். இரட்டையரும் ஆடு என்று மாஸ்டர் எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. "ரெண்டு பேர் ஆடுனா தப்பு யார்துன்னு தெரியாது" என்பாள்.

கிளப்பில் மற்ற பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். மீன் ஐஸ் வைத்த காலில் மீன் வாடை போகாது. சந்தன சோப்பை எத்தனை முறை தேய்த்தும் போகாது. அக்கா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை, சோப்புதான் சீக்கிரம் தேயும்.

அந்த வருஷ மாநிலப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டால் ஓர் அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்த வேலையில் இருப்பவர்கள் பகலெல்லாம் ஆடலாம், ஊர் ஊராகப் போய் ஆடலாம், அதுதான் வேலையே. போகாவிட்டால் என்ன என்பதையும் அம்மா தயாராக வைத்திருந்தாள். மீஞ்சூரில் மாப்பிள்ளை பார்த்து, அவர்களுக்குத் தை மாதம் வரை தவணை சொல்லியிருந்தாள். ஆக அக்காவுக்கு முன்னால் இருந்தது கோர்ட், இல்லாவிட்டால் மீஞ்சூர்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் நான் வாளியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். அக்கா கீழே இறங்கி வந்துகொண்டிருந்தாள், ஆனால் நடந்து அல்ல. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, கையை ஊன்றி, நகர்ந்து வந்தாள். இடது காலை மட்டும் நேராக நீட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்வதை நிறுத்திவிட்டாள். நான் இன்னாக்கா என்றேன். குதித்து ஊன்றும்போது முட்டி நழுவிவிட்டது, இப்போது சும்மா நடந்தாலும் நழுவுகிறது என்றாள். முட்டி சின்னப் பரங்கிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

என் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "என் தல மேல சத்தியம் பண்ணு. நைனாவாண்ட சொல்லக்கூடாது."

எங்கள் பிளாக்கில் தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் தலை வெடித்துவிடும். மீறினவர் தலை அல்ல, யார் தலைமேல் கை வைத்தோமோ அவர் தலை. இரண்டாவது மாடிப் பையன் ஒருத்தன் அப்படி மீறித்தான் அவன் தாத்தா செத்தார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். தாத்தாவுக்கு எண்பது வயது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சத்தியம் செய்தேன்.

வீட்டில் பாவாடை முட்டியை மறைத்தது, ஆனால் வீக்கத்துக்கு ஒரு வாளி போதவில்லை. மறுநாள் ஃபேக்டரியில் இன்னொரு வாளி வேண்டும் என்று நின்றேன். என்ன பொய் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வீணாயிற்று. நைனாவே, "இன்னா, ரெண்டு வேள ஆடறாளா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எம்பொண்ணு இப்ப ரெண்டு வாளி என்று மெஷின்காரரிடம் சொன்னார், பார் இழுப்பவர்களிடம் சொன்னார், பெட்டி கொண்டுவந்த மீன்காரம்மாவிடமும் சொன்னார். ஐஸ்காரருக்கு எல்லாம் ஐஸில்தான் கணக்கு. ஐஸ் கூடினால் ஆட்டம் கூடிவிட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து கேட்காமலேயே இரண்டு வாளியையும் கோபுரமாகக் குவித்துக் கொடுத்தார், ஒன்றை மாடிப்படி வரைக்கும் அவரே தூக்கியும் வந்தார்.

போட்டியின் முதல் இரண்டு சுற்றிலும் எதிரே நின்றவர்கள் சின்னப் பெண்கள். நின்ற இடத்தில் நின்றே அக்கா ஜெயித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. காலையில் நைனா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டு, அக்கா ஷூ போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது காலை மடக்காமல் அவள் குனிந்ததில் அவருக்கு என்னவோ பட்டிருக்க வேண்டும். அவளைக் கேட்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா காலு நல்லாத்தானே கீது? நீ சொல்லும்மா. நீ பொய் சொல்லமாட்டே."

அக்கா லேஸ் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு அவள் உச்சந்தலைதான் தெரிந்தது. "நல்லா கீது நைனா" என்றேன்.

ஆட்டத்துக்கு நைனா ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்திருந்தார். ஜெயித்த பிறகு வைத்துக்கொள்ளட்டும் என்று. அப்போதெல்லாம் பெண்களுக்குப் பதினொரு புள்ளிதான் ஒரு கேம், முதல் கேமை அக்கா பதினொன்றுக்கு ஏழு என்று எடுத்தாள். இரண்டாவதில் எட்டுக்கு நான்கு. இன்னும் மூன்றே புள்ளிகள். எதிரே ஆடிய கோயம்புத்தூர்ப் பெண் அதுவரைக்கும் வலைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தவள், என்ன தோன்றியதோ, இடது பின்மூலைக்கு உயரத் தூக்கிவிட்டாள். அக்கா பின்னால் ஓடி, எம்பி, அடித்து, இடது காலில் இறங்கினாள். பந்து கோட்டுக்குள்தான் விழுந்தது. அந்தப் புள்ளி அக்காவுக்குத்தான். கூடவே கேலரி வரைக்கும் கேட்கிற மாதிரி முட்டியில் ஒரு சத்தம், அக்கா விழுந்துவிட்டாள்.

"தரையில வேர்வ கீது, தொடைங்கப்பா" என்று நைனா கத்தினார். வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி, கோர்ட்டிலேயே அவள் முட்டிமேல் ஐஸைக் கொட்டினார். அவரிடம் கொடுக்க இருந்தது அதுதான். மரத்தரையெல்லாம் ஐஸ் சிதறி, மீன் வாடை வீசி, தரை கெட்டுவிடும் என்று யாரோ அதட்டினார்கள். அக்கா கத்தவில்லை. என்னைத் தேடினாள், நான் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வீக்கம் எத்தனை நாளாக என்று கேட்டார். இன்னிக்குத்தான் சார், விளையாடும்போது என்றார் நைனா. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஜவ்வு கிழிந்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும், அப்போதே வந்திருந்தால் சரிபண்ணி ஆட வைத்திருக்கலாம், கிழிந்ததோடு ஆடி மிச்சத்தையும் அரைத்துவிட்டாள், இனி நடக்கலாம், ஆட முடியாது என்றார். நைனா அக்காவைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வாளி" என்றார்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் சொல்லவில்லை, சாகும்வரைக்கும் சொல்லவில்லை. அடித்திருந்தால் தேவலை. தலையைக் காப்பாற்றுகிறேன் என்று காலைக் கொடுத்துவிட்டேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது.

தையில் தள்ளிப்போன கல்யாணம் ஆனியில் நடந்தது. அக்கா மீஞ்சூரில் மாடி இல்லாத வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் போயிருந்தபோது பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து சங்கரா கழுவிக்கொண்டிருந்தாள். இடது கால் அன்று மாதிரியே நீட்டியிருந்தது. அத்தனை வருஷமாக வாயில் வராததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். நான் நைனாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நீ சின்னப் பொண்ணு, நீ என்ன பண்ணுவே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அவள் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நைனா கேட்டாரே, அப்ப லேஸ் கட்டறத வுட்டுட்டு உன்னியே பாத்துக்கினு இருந்தேன். எனக்கு பயமா இருந்திச்சி. நானா வாணாம்னு சொல்ல முடியல. நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

அந்தப் பார்வைக்குச் சொல்லாதே என்றுதான் அர்த்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். சரியாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று அன்று ஆட்டம் நடந்த இடம் வரைக்கும் பஸ்ஸில் பெருமையாக வேறு உட்கார்ந்திருந்தேன், மடியில் ஐஸ் பெட்டியுடன்.