ஹிஸ்கேயின் இருமல்

அந்தக் குளிர்காலம் முழுக்க ஹிஸ்கேக்குக் காசநோய் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்திருந்தோம். ரொட்டிக்கு வரிசையில் நின்றால் இருமுவாள். தேவாலயத்தில் பிரசங்கத்துக்கு நடுவே இருமுவாள். ஜெர்மன் சிப்பாய்கள் வைக்கோல் கேட்டு வந்தபோது அவர்கள் முகத்துக்கு நேராகவே இருமினாளாம். அவர்கள் தள்ளி நின்றே பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவளுக்கு ஒரு நோயும் இல்லை. நிஜமாக இருமியவர் அவள் வீட்டுப் பரணில் ஒளிந்திருந்த ஹார்டோக். அந்த வீட்டிலிருந்து இருமல் கேட்டால் அது ஹிஸ்கேயுடையது என்று ஊர் நம்ப வேண்டும். அதற்காகத்தான் போகிற இடமெல்லாம் இருமிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு. அப்படியும் தெரியவில்லை.

ஹார்டோக்கும் அவர் மனைவி ரோசெட்டும் ஆம்ஸ்டர்டாம் சந்தையில் ஊறவைத்த வெள்ளரிக்காய் விற்றவர்கள். யூதர்கள். அங்கே யூதர்களை வீடு வீடாகப் பிடித்து ரயிலேற்றத் தொடங்கியதும், பாதிரியார் ஒருவர் மூலம் வடக்கே எங்கள் ஃபிரீஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டிவந்தவர்கள் "ரெண்டே வாரம்" என்று சொல்லித்தான் அவர்களை ஹிஸ்கேயிடமும் அவள் கணவர் டௌவேயிடமும் விட்டுப் போனார்கள். அது இரண்டு வருஷத்தைத் தொட்டது.

மாட்டுக்கொட்டிலுக்கு மேலே வைக்கோல் பரணில் அவர்களுக்கு இடம். காலையில் ஹிஸ்கே ஏணியில் ஏறி வாளியை இறக்குவாள், சாப்பாட்டை ஏற்றுவாள். நாலு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்து, தோலை இரண்டு பேர் தின்றதுபோல் தெரியும்படி குப்பையில் போட்டு, மீதியை மாட்டுக்குக் கொடுப்பாள். வெளிக்கொடியில் இரண்டு பேர் துணிதான் காயலாம். மற்றவை அடுப்பைச் சுற்றித் தொங்கும். ஈரச் சட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து சமைத்து அவளுக்கு முதுகே வளைந்துவிட்டது.

பரணில் ஹார்டோக்தான் பேச்சு. "ஏம்மா, சந்தையில நான் ஒரு குரல் குடுத்தா ரெண்டு தெரு தள்ளி இருக்கறவன் பையைத் தூக்கிட்டு ஓடி வருவான். இங்க வாயைத் திறந்தா மாடு முறைக்குது" என்று கிசுகிசுப்பார்.

"மாட்டுக்கு இருக்கற புத்தி உனக்கு இல்ல. வாயை மூடு" என்பாள் ரோசெட்.

"ரெண்டு பேரும் மூடுங்க" என்பாள் ஹிஸ்கே ஏணியில் நின்றபடி. "எனக்கு இன்னும் பால் கறக்கணும்."

போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஜனவரியில், ஹார்டோக்கின் இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிட வழியில்லை. எங்கள் டாக்டரே எங்கோ ஒளிந்திருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஹார்டோக் செத்துப்போனார். அழுகைச் சத்தம் வெளியே போகாமலிருக்க ரோசெட் வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஊருக்குத் தெரியாத மனிதரை எங்கே புதைப்பது? வெளியே நிலம் பாறையாக உறைந்திருந்தது. பனியில் கால்தடம் விழும். உறையாத மண் ஒரே இடத்தில்தான் இருந்தது, மாடுகள் படுக்கிற இடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே தேவாலயத்தில் இருக்கும்போது கொட்டிலில் தோண்டுவது என்று டௌவே முடிவு செய்தார். ஹிஸ்கே மட்டும் தேவாலயத்துக்கு வந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர்த்துணி தைக்கும்போதே அவளுக்கும் வரப்போகிறவனுக்கும் வெள்ளை லினனில் சாவுச்சட்டையும் தைத்துவைப்பார்கள். டௌவேக்காக வைத்திருந்த சட்டையை ஹார்டோக்குக்குப் போட்டுவிடச் சொல்லி ரோசெட்டிடம் கொடுத்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். அன்றைக்கு நான் அவளிடம் பார்த்தது களைத்த முகத்தை மட்டும்தான்.

ஆராதனை முடிந்ததும் கேட்டேன். "டௌவே எங்க?"

"காய்ச்சல். படுத்திருக்கார்."

"உன் இருமல் அவரையும் பிடிச்சிடுச்சா? வா, பட்டாணி சூப் வெச்சிருக்கேன். எடுத்துக்கிட்டு உன்கூடவே வர்றேன்."

"வேண்டாம் பாவ்க்கே. உனக்கு ஒட்டிக்கும்."

"எனக்கு என்ன ஒட்டறது? புருஷன் செத்தப்புறம் ஜலதோஷம்கூட என்கிட்ட வர்றதில்ல. நட."

வழியெல்லாம் இருமினாள். வாசலை நெருங்க நெருங்கச் சத்தம் கூடிற்று. உள்ளே போனபோது டௌவே கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். நெற்றியில் களிமண். கால்மாட்டில் கம்பளிக்கு வெளியே பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து கொட்டிலுக்குப் போகும் நடையில் ஒரு பசு, வழியை அடைத்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தது.

ஹிஸ்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பயந்தவள் உட்காருகிற மாதிரி இல்லை, நாளெல்லாம் மூட்டை தூக்கியவள் உட்காருகிற மாதிரி. இருமக்கூட இல்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். யாரோ இருக்கிறார்கள், ஏதோ முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. சூப் பானையை அடுப்பில் வைத்தேன்.

"டௌவே, எழுந்திருங்க. பூட்ஸோட யாராவது படுப்பாங்களா? போய் வேலையை முடிங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். எவன் வந்தாலும் நான் பேசிக்கறேன்."

டௌவே ஹிஸ்கேயைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். இருவரும் பசுவை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்கள். நான் கதவுப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தேன். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு பெண் குரல்: "தொப்பியைக் கழட்டாதீங்க டௌவே. எங்க வழக்கத்துல தலையை மூடிக்கிட்டுதான் நிக்கணும்." அதன்பின் அதே குரல் எனக்குப் புரியாத பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னது. பாதியில் நின்றது. மறுபடி தொடர்ந்தது.

அன்று யாரும் வரவில்லை. செங்கல்லைப் பரப்பிப் பசுவைப் பழைய இடத்தில் கட்டினார்கள். மறுநாள் காலையிலும் ஹிஸ்கே அங்கேதான் முக்காலி போட்டுப் பால் கறக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் கனடாப் படை வந்து ஜெர்மன்காரர்களை விரட்டியது. தெருவில் ஆட்டமும் பாட்டுமாக இருந்தது. ஹிஸ்கே வரவில்லை. கூப்பிடப் போனேன். பகலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் திரும்பினேன்.

ரோசெட் ஆம்ஸ்டர்டாம் போனாள். அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ரயிலேற்றப்பட்ட அவள் மகள் திரும்பவே இல்லை. கோடையில் மாடுகள் மேய்ச்சலில் இருந்தபோது, அவளுடைய ஆட்கள் சிலரோடு வந்து ஹார்டோக்கை எடுத்து, லேவார்டனில் யூதர்களின் இடுகாட்டில் அடக்கம் செய்தாள். அன்று மாலை ஹிஸ்கேயின் சமையலறையில் வைத்துக் கேட்டாள்:

"நான் இங்கயே இருந்துடட்டுமா? பரண்ல இல்ல. கீழ, ஒரு ஓரமா."

"முடியல ரோசெட்" என்றாள் ஹிஸ்கே. "எங்க வீட்டுல கொஞ்ச நாள் நாங்க மட்டும் இருக்கணும். என்னைத் திட்டு, பரவாயில்ல. என்னால முடியல."

ரோசெட் திட்டவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். தனிக்கட்டைதானே, என் வீட்டில் இடமிருந்தது.

அடுத்த குளிர்காலம் முழுக்க வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் இருந்த ஹிஸ்கேயும் ரோசெட்டும் பேசிக்கொள்ளவில்லை. ஹிஸ்கே தப்பு செய்துவிட்டாள் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் ஒரு பூனையைக்கூட ஒளித்துவைத்தவர்கள் இல்லை. ஹிஸ்கே என்னிடம் ஒரு முறை சொன்னாள்: "பயமா இருந்துச்சான்னு கேக்கறாங்க பாவ்க்கே. பயம் முதல் மாசத்தோட போயிடுச்சு. அப்புறம் இருந்ததெல்லாம் அசதிதான்."

மார்ச் மாதத்தில் ஒருநாள் என் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, என்னை விட்டுவிட்டு, ரோசெட்டிடம் பேசினாள்.

"ஜன்னல் எல்லாம் அழுக்கா கிடக்கு. தனியா துடைக்க முடியல. கொஞ்சம் வர்றியா?"

"உனக்கு ஜன்னல் துடைக்கத் தெரியாது. பரண் ஓட்டை வழியா ரெண்டு வருஷம் பார்த்திருக்கேன்" என்றாள் ரோசெட், கையைத் துடைத்துக்கொண்டே.

வாய்க்கால் பாலத்தின் மேல் இருவரும் மெதுவாக நடந்து போனார்கள். நான் அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு, இன்னொரு வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.