சாயம் இறங்கிய கிண்ணம்

மண்ணூர்பேட்டையில் பீங்கான் கிண்ணங்களுக்குச் சாயம் பூசி ஜெர்மனிக்கு அனுப்புகிறேன். சாயத்திலிருந்து ஈயம் உணவில் கலக்காது என்று ஆய்வகச் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒருமுறை விலை குறைந்த சிவப்புச் சாயத்துக்கு மாறினேன். பழைய சாயத்தின் சான்றிதழையே காகிதங்களோடு இணைத்தேன்.

லாரியில் ஏற்றும்போது, பேக்கிங் செய்யும் மும்தாஜ் அக்கா தயங்கியபடி ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

“கோச்சுக்காதீங்க சார். கழிச்சுப் போட்டத கேக்காம ஊட்டுக்கு எடுத்துகினு போய்ட்டேன். எலுமிச்சங்கா உப்புல ஊறப் போட்டேன், சாயம் பூரா எறங்கிக்கீது. புள்ளைங்க துன்றதாச்சே!”

சரக்கை இறக்கச் சொன்னேன். ஆய்வகத்தில் அந்தச் சாயம் தேறவில்லை.

கழித்துப்போட்ட ஒரு கிண்ணத்துக்காக அக்கா மன்னிப்புக் கேட்டார். ஒரு லாரி நிறையக் கிண்ணங்களுக்குப் பழைய சான்றிதழை இணைத்த நானோ, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நன்றி, அக்கா. இப்போதாவது சொல்லிவிட்டேன்.