முகத்துவாரத்தைக் கொடுத்து டவரை வாங்கினேன்

ஒரு போன் விளையாட்டுக் கம்பெனியைத் திட்டப் போய், அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தவன் நான். அதோடு நின்றிருந்தால் என் வீட்டோடு போயிருக்கும். எங்கள் மீன் ஏலக் கொட்டகையில் அந்த விளையாட்டை ஆடுகிற எல்லாரையும் கூப்பிட்டு, அவர்களையும் ஐந்தைந்து போட வைத்தேன். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால், கையெழுத்து எவ்வளவு அதிகமோ மனுவுக்கு அவ்வளவு கனம். நட்சத்திரமும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒன்று போட்டால் லேசான வருத்தம், ஐந்தும் போட்டால் கொலைவெறி. மறுநாளே பதில் வந்தது. எங்கள் அன்புக்கு நன்றி என்று, ஒரு இதயப் பொம்மையோடு.

அது லாரி ஓட்டுகிற விளையாட்டு. போனைச் சாய்த்தால் லாரி திரும்பும். மலைப்பாதை, பனி, ஒற்றைப் பாலம் எல்லாம் தாண்டி, பாரம் சரியாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்து, மணல்மேட்டைவிட உயரமாக எதிலும் ஏறாத எங்களுக்கு அது ஏன் பிடித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அதற்கு நெட் வேண்டாம். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் பக்கம் போய்விட்டால் எங்கள் போனில் மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம், வேறொன்றும் நடக்காது. இந்த லாரி மட்டும் ஓடும்.

எனக்கு அது விளையாட்டு. என் மச்சானுக்கு அப்படியில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இரண்டு பேருக்கும் ஒரே படகு, ஒரே வலை, பாதிப் பாதிப் பங்கு. கழி நட்டு வலையைக் கட்டிவிட்டால், ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கி முடிகிற வரைக்கும் படகில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மாதான் அவனுக்கு எமன். பின்பலகைக்குக் கீழே பாட்டில் இருக்கும். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், வலையைத் தூக்கும்போது தள்ளாடித் தண்ணீரில் விழுந்தான். வலையிலேயே கால் சிக்கிக்கொண்டு இறாலோடு இறாலாகக் கிடந்தான். தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். கரைக்கு வந்ததும் இனிமேல் தொடமாட்டேன் என்று அம்மன் கோயிலில் சத்தியம் பண்ணி மொட்டை அடித்துக்கொண்டான். ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் தூக்கம் போனது. அடுத்த தடவை விழுந்தால் எதைப் பிடித்து இழுப்பது?

அந்தப் பயத்தில்தான் அவன் போனில் இந்த லாரியை ஏற்றிக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டான். வலையைக் கட்டிய கையோடு பலகையில் சாய்ந்து ஓட்ட ஆரம்பித்தால், தண்ணீர் இறங்குகிற வரைக்கும் தலை நிமிராது. வளைவு வந்தால் அவனும் சேர்ந்து சாய்வான், படகும் கொஞ்சம் சாயும். பலகைக்குக் கீழே பாட்டில் வரவில்லை. மண்டையில் முடி வளர்ந்தது. என் மனைவி, தம்பி சட்டையில் செதில் ஒட்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் போய்த் தட்டிவிடுவாள், அந்தச் சாக்கில் மோந்து பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பித் தலையாட்டுவாள். மீன் நாற்றம்தான், வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, விளையாட்டைத் திறந்ததும் ஒரு அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் முதல், நெட் இணைப்பு இருந்தால்தான் வண்டி கிளம்பும்.

அன்றைக்கு ஏலம் முடிந்து தராசைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் பேச்சு முழுக்க இதுதான். ஐஸ் கொண்டுவருகிற லாரி டிரைவர் ஒருவர் உண்டு, ஆந்திராப் பக்கத்துக்காரர். எளாவூர் செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும்போது இவரும் இதே விளையாட்டைத்தான் ஆடுவார். நிஜ லாரியில் உட்கார்ந்து பொய் லாரி ஓட்டுகிற மனுஷன்.

"வரட்டுமே நைனா, இன்னா இப்போ?" என்றார். "நெட்டு இருந்தாத்தான் மஜா. நீ ஓட்டினு போறப்ப எதுத்தாப்ல வர்றவன் நெஜ ஆளு. ஹாரன் அடிப்பான், ஓவர்டேக் எடுப்பான். இப்ப இன்னா கீது? ரோட்ல ஒரு நாய்கூட இல்ல, நீ ஒண்டியா போய்ட்டு வர்ற."

"எங்களுக்கு ஒண்டியா போறதுதான் புடிச்சிருக்கு" என்றேன்.

"யாருக்கு, உனுக்கா? எவனயாச்சும் புடிச்சி வச்சி பேசாம நீ ஒரு வாய் டீ குடிச்சி நான் பாத்ததில்லியே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மச்சானைப் பார்த்தேன். அவன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஏதோ ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தான்.

கரையோரம் முட்டித் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிற அக்கா ஒருத்தியும் அங்கே இருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவளும் இந்த லாரியை ஓட்டுவாள். அந்த ஒற்றைப் பாலத்தில் ஒருமுறைகூட விழாதவள் என்று அவளுக்குப் பெயர்.

"உனுக்கு இன்னாபா, செக்போஸ்ட்ல டவர் தலமேல நிக்குது" என்று டிரைவரைப் பிடித்தாள். "ஏரிக்குள்ள நிக்கிறவனுக்கு சிக்னலு எங்கருந்து வரும்? நண்டு வளையிலருந்தா?"

"திருட்டு ஆட்டம் ஆடுறவனுங்க பெருத்துட்டானுங்கக்கா. நெட்டு இல்லாத கேமுல எதையோ நோண்டி, டீசலு தானே நெரப்பிக்கிறான். கம்பெனிக்காரன் இன்னா பண்ணுவான்? கேமு அவன் பொருளு."

"போனு என் பொருளுதானே?" என்றேன்.

"போனு உன் வலை மாதிரி. வலை உன்னுது. அதுக்காவ ஏரி உன்னுதாயிடுமா? உனுக்குக் கெடச்சது பாடு நைனா. முறை வந்தா கட்டு, முறை போனா தூக்கு."

அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துவிட்டார். எங்கள் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பது சீட்டுப் போட்டு வருகிற முறை. அந்த இடத்துக்கும் முறைக்கும் சேர்த்துத்தான் பாடு என்று பேர். இன்றைக்கு முகத்துவாரம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

அக்கா மட்டும் விடவில்லை.

"சரி, பாடுன்னே வச்சிக்கோ. பாடு கெடச்சவன் கழி நட்டு வலையக் கட்டிட்டான். தண்ணி எறங்கி முடியறதுக்குள்ள எவனாச்சும் வந்து 'தூக்குடா வலைய'ன்னு சொல்லுவானா? சொன்னா ஊரு வுட்டுடுமா? நாங்க கட்டிட்டோம்பா. நடுவுல வந்து கழியப் புடுங்கறது எந்த ஊரு நியாயம்?"

டிரைவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "அது பாயிண்டுதான்" என்றார்.

அந்தப் பாயிண்டைத்தான் நான் கம்பெனிக்குத் தட்டச்சு செய்தேன், ஐயா என்று ஆரம்பித்து, இப்படிக்கு என்று முடித்து. மீதி உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகிற வழியில் மச்சானிடம், "நெட்டு இல்லாம ஓடாதாம், இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன். சும்மா கேட்பதுபோல்தான் கேட்டேன்.

"பாத்துக்கலாம் மாமா" என்றான்.

குடிக்கிற காலத்தில் அவன் எல்லாவற்றுக்கும் சொன்ன பதில் அதுதான்.

அடுத்த மாதம் சொன்னபடி வந்தது. விடியற்காலையில் வலையைக் கட்டிவிட்டுப் பலகையில் சாய்ந்தான், போனை எடுத்தான். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டான். பிறகு சும்மா உட்கார்ந்தான்.

நான் காலை மெதுவாக நீட்டி, பின்பலகைக்குக் கீழே கட்டைவிரலால் துழாவினேன். தண்ணீர் இறைக்கிற டப்பா தட்டுப்பட்டது. டப்பாவுக்குப் பின்னால் இன்னும் ஏதாவது இருக்குமோ?

"இன்னா மாமா, காலு மரத்துப்போச்சா?"

"ஆமா மச்சான், வயசாவுதுல்ல."

அதற்கப்புறம் பேச ஆரம்பித்தேன். சுண்ணாம்புக்குளத்தில் எருமை படகில் ஏறிய கதை, என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்த கதை, எல்லாம் அவனுக்குத் தெரிந்த கதைகள். நிறுத்தினால் அந்தச் சும்மா வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துவிடும் என்று பயம். வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

"இன்னாய்யா பண்ணான்?" என்று கேட்டாள் மனைவி.

"சும்மா ஒக்காந்திருந்தான்."

"சும்மாவா?" அவள் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. "எதுனா பண்ணுய்யா. கேமு கேமுன்னு நீதானே இட்டாந்த."

பண்ணினேன். அடுத்த சுற்றில் எங்களுக்கு முகத்துவாரப் பாடு விழுந்திருந்தது. ஏரியிலேயே நல்ல இடம், இறால் தானே வந்து வலைக்குள் படுக்கும். அதே சுற்றில் என் பங்காளி ஒருவனுக்கு, கரையோரம் செல்போன் டவருக்கு நேர் எதிரே ஒரு பாடு. அங்கே வலை கட்டுவதும் வாசலில் கட்டுவதும் ஒன்றுதான். சீட்டில் அது விழுந்தால் ஆள் முகத்தைப் பார்க்க முடியாது. நான் நேராகக் கொட்டகைக்குப் போய், இரண்டையும் மாற்றிக்கொள்ள ஊர் சம்மதம் வேண்டும் என்று கேட்டேன்.

ஊர்த் தலைவர் கிட்டே வந்து, "யோவ், குடிச்சிகினு கீறியா?" என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

காரணம் சொல்ல முடியுமா? சொன்னால் மச்சான் பேர் கொட்டகையில் நாறும். "முதுகு வலி, அங்க தண்ணி இழுப்பு ஜாஸ்தி" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. எனக்கு ஏதோ உள் விஷயம் தெரிந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. முகத்துவாரம் மணல் தூர்ந்துவிட்டதாம், மோப்பம் பிடித்துவிட்டேனாம். பங்காளியே பயந்துபோய் நீளக் கழியை எடுத்துக்கொண்டு போய் ஆழம் பார்த்துவிட்டு வந்தான். ஆழம் இருந்தது. ஓடி வந்து ஒத்துக்கொண்டான், நான் மனசு மாறுவதற்குள்.

மச்சானிடமும் முதுகு வலி என்றுதான் சொன்னேன். அவன் என் முதுகையே பார்த்தான்.

அந்த நாள் விடிந்தபோது டவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் எழுந்து நின்றன. கரையில் யாரோ பல் தேய்த்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"வண்டிய எடேன் மச்சான்" என்றேன். "இங்க ஓடும்னு நெனக்கிறேன்."

கவரைப் பிரித்தான். லாரி கிளம்பியது. எனக்கு மூச்சு வந்தது. பாதி மலை ஏறியிருப்பான், எந்த ஊர்க்காரனோ எதிரே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போனான். மச்சான் போனை அணைத்தான். மறுபடி எடுக்கவில்லை. முகத்துவாரம் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

அங்கே பறவைகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் இறங்கி முடிந்ததும் பங்காளி வலையைத் தூக்கினான். கனம் தாங்காமல் அவன் படகு ஒருபக்கமாகச் சாய்வது இங்கிருந்தே தெரிந்தது. நாங்களும் தூக்கினோம். பொடி நண்டு கொஞ்சம், பாசி, ஒரு ஒற்றைச் செருப்பு.

"எதுக்கு மாமா இத்த வாங்குன?" என்றான், வலையை உதறிக்கொண்டே.

"அதான் முதுகு..."

"முதுகு கெடக்கட்டும். எதுக்கு?"

சொல்லிவிட்டேன். லாரியை எதற்கு ஏற்றிக் கொடுத்தேன், அவன் அக்கா எதற்குச் செதில் தட்டுகிறாள், என் கால் எதற்கு மரத்துப்போனது, எல்லாவற்றையும். நடுவில் ஒரு தமாஷும் வைத்துப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. செருப்பை எடுத்துத் தண்ணீரில் எறியப் போனவன், எறியாமல் படகுக்குள்ளேயே போட்டான். கழிகளைப் பிடுங்கினான். துடுப்பை என்னிடம் தராமல் அவனே போட்டான்.

கரை வந்தது. படகை இழுத்து ஏற்றினோம். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போனவன் நின்று, திரும்பாமலே சொன்னான்:

"குடிக்கணும்னா எப்பவோ குடிச்சிருப்பேன், எனுக்கு டவரு வாணாம் மாமா."