மூன்று திர்ஹம் ரொட்டி

ஷார்ஜாவில் நான் நர்ஸாக இருந்தபோது, எங்கள் வார்டுக்கு ஒரு வியட்நாம் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். கட்டட சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. அவர் பேச்சு எங்களில் யாருக்கும் புரியாது. எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். வார்டுச் சோற்றைத் தொடவே மாட்டார்.

என்னைக் கண்டால் இடது கையை நீட்டி, வலது கையால் அதை நீளவாக்கில் கீறுவதுபோல் காட்டுவார். பிறகு விரல்களால் எதையோ திணித்து அழுத்துவார். காலை வெட்டுவதுபோல் வலிக்கிறது என்கிறார் போல, என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்லி வலி ஊசி போடுவேன். சில நேரம் ஜன்னலைக் காட்டுவார். வெயில் கூசுகிறதோ என்று திரையை இழுத்துவிடுவேன். அந்த வாரமே நுரையீரலில் ரத்தம் கட்டி இறந்துபோனார்.

சில மாதம் கழித்து, கூட வேலை பார்த்த ஸ்டெல்லா என்னை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கஃபட்டீரியாவுக்கு இழுத்துப் போனாள். வெளியில் சாப்பிடும் பழக்கம் எனக்கு இல்லை.

"யக்கா, வியட்நாம் சாண்ட்விச்சாம். மூணு திர்ஹம்தான், வயிறு நெறஞ்சிரும்."

சமையல்காரர் நீளமான ரொட்டியை இடது கையில் எடுத்தார். கத்தியால் நீளவாக்கில் கீறினார். முட்டை, கேரட், மல்லித்தழை எல்லாவற்றையும் விரல்களால் திணித்து அழுத்தினார்.

நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கீங்க?"

"அந்தாளு வலின்னு சொல்லல ஸ்டெல்லா. பசிச்சிருக்கு."

அழுதுகொண்டே முழு ரொட்டியையும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அந்த வியட்நாம்காரர் படுத்திருந்த கட்டிலருகே இருந்த ஜன்னல் நேராகத் தெரிந்தது. திரை மூடியிருந்தது.